கடனா, தொடர்ச்சியா?

1898ஆம் ஆண்டில் சென்னை வேப்பேரியில் இயங்கிவந்த கிறித்தவ மிஷன் அச்சகத்திலிருந்து ஆங்கில நூலொன்று வெளிவந்தது. 'யூத சமயமும் இஸ்லாமும்' என்பது அதன் பெயர். மூல நூல் ஜெர்மன் நாட்டில் எழுதப்பட்டது. எழுதியவர் ஆபிரகாம் கைகர் என்னும் யூத அறிஞர். பான் பல்கலைக்கழகம் நடத்திய பரிசுப் போட்டிக்கென அவர் எழுதிய ஆய்வு 1833ஆம் ஆண்டில் நூலாயிற்று. அப்போது அவருக்கு வயது 23. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யூத சமயத்திலிருந்து எடுத்துக் கொண்டவை எவை என்று பட்டியலிட்டுக் காட்டுவதே அதன் நோக்கம்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அந்நூலைத் தேடிப்பிடித்து மொழிபெயர்க்க வேண்டிய தேவை என்ன? மொழிபெயர்ப்பின் முன்னுரையே அதனைக் கூறிவிடுகிறது. டெல்லியிலிருந்த கேம்பிரிட்ஜ் மிஷனின் தலைவர், முஸ்லிம்களோடு பழகுங்கால் இந்நூல் தமக்குப் பயன்படும் எனக் கருதி வேண்டிக்கொண்டாராம். "உங்கள் மார்க்கம் புதியதன்று, பிறரிடம் பெற்ற கடன்" என்று கூறுவதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அக்கருவி வேப்பேரியில் அச்சாயிற்று.

ஆயின் கைகருடைய எழுதுகோல் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1864ஆம் ஆண்டில் வெளிவந்த 'யூத சமயமும் அதன் வரலாறும்' என்னும் நூலில், அதே அளவுகோலை அவர் கிறித்தவத்தின் மீதும் வைத்துப் பார்த்தார். இயேசு பரிசேயர் என்னும் யூத மார்க்கக் கல்விக் குழுவைச் சார்ந்தவர். ஹில்லேல் என்ற ஆசானின் வழியிலே நடந்தவர். புதிய கருத்தெதனையும் அவர் மொழிந்தாரில்லை என்று துணிந்து எழுதினார். ஜெர்மன் நாட்டுக் கிறித்தவ இறையியலார் கொதித்தெழுந்தனர். முந்திய நூலை உவந்து கைக்கொண்டோர்க்கு இப்பிந்திய நூல் உவப்பாய் இருந்திராது.

நம்மவருள்ளும் சிலர் இதற்கு நேர்மாறாகச் செய்வதுண்டு. கிறித்தவத்தின் நல்லறங்கள் யாவும் யூதரிடமிருந்து பெற்றவையே என்று மேடைகளில் முழங்குவர்; அதே வாதம் தம் வாயிலை நோக்கித் திரும்பும்போது வெகுண்டெழுவர். எடுத்துக்கொண்ட படிக்கல் ஒன்றாயின், அதனால் நம் பண்டத்தையும் நிறுக்க வேண்டும்; பிறர் பண்டத்தையும் நிறுக்க வேண்டும். அளவை நிறுவையில் நீதி தவறலாகாது என்பது நமக்கு இடப்பட்ட கட்டளையன்றோ? எனவே, கிறித்தவ அறபோதனைகள் புதியனவா, முன்னோரிடம் பெற்றவையா என்னும் வினாவை உணர்ச்சியை ஒதுக்கிவைத்து ஆராய்வோம்.

பழைய ஏடுகள் கூறுவன

கிறித்தவ அறத்தின் உயிர்நாடியென எல்லாராலும் போற்றப்படுவன இரு கட்டளைகள். இறைவனை முழு உள்ளத்தோடும் நேசிப்பது ஒன்று. தன்னைப் போலவே அயலானையும் நேசிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் மூஸா நபி (அலை) அவர்களின் ஆகமங்களில் முன்னரே இடம்பெற்றுள்ளன. முதலாவது உபாகமத்தில் உள்ளது. இரண்டாவது லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதே அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே சென்று, வேற்று நாட்டிலிருந்து வந்து தங்கியவனையும் தன்னைப்போல் நேசிக்கப் பணிக்கிறது. எகிப்தில் நீங்களும் அவ்வாறு அந்நியராய் இருந்தீர்களே எனக் காரணமும் நினைவூட்டுகிறது. லூக்கா எழுதிய வரலாற்றில் இவ்விரு கட்டளைகளையும் இணைத்துச் சொல்பவர் இயேசுவை வினவ வந்த யூத சட்ட வல்லுநரே ஆவார். சரியாகச் சொன்னாய் என்று அவர் பாராட்டப்படுகிறார்.

சாந்தமுள்ளோர் பூமிக்கு உரியவராவர் என்னும் மலைப்பிரசங்கக் கருத்து 37ஆம் சங்கீதத்தில் உள்ளது. அடிப்பவனுக்குக் கன்னத்தைக் காட்டுவது பற்றிய பேச்சு எரேமியாவின் பெயரால் வழங்கும் புலம்பல் நூலில் உள்ளது. பிறர் குற்றத்தை மன்னித்தால்தான் இறைவனிடம் நம் பிழைக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்பதை, கி.மு. 180ஐ ஒட்டி எருசலேமில் வாழ்ந்த பென் சீரா என்னும் ஆசான் தெளிவாகவே எழுதிவைத்தார்.

இந்தப் பென் சீராவின் நூல் பற்றி ஒரு சிறு செய்தி. பல நூற்றாண்டுகளாக அதன் கிரேக்க மொழிபெயர்ப்பும் பிற மொழிபெயர்ப்புகளுமே வழக்கில் இருந்தன; எபிரேய மூலம் மறைந்துபோயிற்று. 1896ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சகோதரியர் இருவர் கீழை நாடுகளிலிருந்து வாங்கி வந்த பழைய ஏடுகளில், அம்மூலத்தின் ஓர் ஏட்டைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் அடையாளம் கண்டார். அந்தத் தடத்தைப் பின்பற்றிக் கெய்ரோ நகரின் பழைய யூத ஆலயத்துக்குச் சென்று, ஏடுகளின் பெருங்குவியலையே அவர் வெளிக்கொணர்ந்தார். பின்னர் 1964ஆம் ஆண்டில், சாக்கடலோரத்து மசாதா கோட்டை இடிபாடுகளில் அதே நூலின் எபிரேயச் சுருளொன்று கிடைத்தது. அக்கோட்டை ரோமரிடம் வீழ்ந்தது கி.பி. 73ஐ ஒட்டியாகும். ஆகவே கிறித்தவம் பரவிய பின்னர் எவரோ எழுதிச் சேர்த்தது என்று இந்நூலைத் தள்ளிவிட முடியாது.

இனி, 'பொன்விதி' என்று மேலைநாட்டார் போற்றும் போதனையைப் பார்ப்போம். பிறர் நமக்கு எவ்வாறு செய்ய விரும்புகிறோமோ அவ்வாறே நாமும் பிறர்க்குச் செய்ய வேண்டும் என்பது அது. உனக்கு வெறுப்பானதைப் பிறர்க்குச் செய்யாதே என எதிர்மறையாக இதே அறம் தோபித்து என்னும் பழைய யூத நூலில் வருகிறது. 1947ஆம் ஆண்டு முதல் சாக்கடற் குகைகளிலிருந்து வெளிப்பட்ட சுருள்களுள் தோபித்தின் துண்டுகளும் கிடைத்திருப்பதால், அதன் பழமையும் உறுதியாயிற்று. ஹில்லேலைப் பற்றிய கதையொன்றும் உண்டு. தான் ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்துக்குள் தவ்ராத் முழுவதையும் கற்பிக்க வேண்டும் என்று ஒருவன் ஷம்மாய் என்ற ஆசானிடம் வந்தானாம். அவர் கையிலிருந்த அளவுகோலால் விரட்டிவிட்டார். அவன் ஹில்லேலிடம் சென்றான். அவரோ இந்த எதிர்மறை அறத்தையே கூறி, எஞ்சியதெல்லாம் இதன் விரிவுரை, போய்க் கற்றுக்கொள் என்று அனுப்பினார்.

மறைவாக ஈதல் பற்றியும் இதே நிலைதான். எருசலேம் ஆலயத்தில் 'இரகசியர் அறை' என ஓர் அறை இருந்ததாக மிஷ்னா என்னும் யூத சட்டத் தொகுப்பு குறிக்கிறது. இறையச்சமுடையோர் அங்கே எவரும் அறியாமல் பொருளை இட்டுச் செல்வர். நல்ல குடியிற் பிறந்து நொடித்தவர் எவரும் அறியாமல் எடுத்துச் செல்வர்.

ஒப்புமை வேறு, கடன் வேறு

இவற்றையெல்லாம் கண்டவுடன், எல்லாம் கடனே என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஹதீஸ் கலையில் பழகிய சமுதாயம் நம்முடையது. கேட்பதற்கு இனிய செய்தி என்பதற்காக ஒன்றை நம் இமாம்கள் ஏற்றதில்லை. சொன்னவர் யார், அவரிடம் கேட்டவர் யார், இருவரும் ஒரே காலத்தவரா, சந்தித்திருக்க இயலுமா என்று தொடரை ஆராய்ந்த பின்னரே ஏற்றார்கள். அந்த எச்சரிக்கை இங்கும் தேவை.

ஹில்லேலின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஹில்லேல் இயேசுவுக்குச் சற்று முந்தியவர் என்பது உண்மை. ஆனால் அக்கதை எழுத்து வடிவில் காணப்படுவது பாபிலோனியத் தல்மூதில். அத்தொகுப்பு உருப்பெற்றதோ பல நூற்றாண்டுகள் பிந்தி. மிஷ்னாவும் கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டதே. ஆகவே இவை முன்னோர் வழக்கின் சாயலைக் காட்டலாம். கடனுக்கு முறையான பத்திரமாகா. பென் சீராவும் தோபித்தும் அவ்வாறல்ல. அவற்றின் காலம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. பிறர்க்குத் தீங்கு செய்யாமை பற்றிய அதே எதிர்மறை அறத்தைச் சீன நாட்டில் கன்பூசியஸ் கூறியிருக்கிறார். அவர் மறைந்தது கி.மு. 479இல். கிரேக்க நாட்டில் ஐசாக்ரடீஸ் கூறியிருக்கிறார். பகை பகையால் தணியாது என்று புத்தர் போதித்ததாகப் பௌத்த நூல்கள் சொல்லும். இவர்களெல்லாம் ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கினார்களா? அதற்குச் சான்று எங்கே? நோவு எல்லார்க்கும் நோவு என்பதை உணர ஒருவர் இன்னொருவர் நூலைப் புரட்ட வேண்டியதில்லை.

சான்றின்றிக் கடனைக் கற்பிப்போர் எங்கே போய் நிற்பர் என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் போதும். 1894ஆம் ஆண்டில் நோட்டோவிச் என்னும் ரஷ்யர் ஒரு நூலை வெளியிட்டார். இயேசு இளமையில் இந்தியா வந்து கற்றாரென்றும், அவ்வரலாறு கூறும் சுவடிகள் லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் உள்ளனவென்றும் அதில் எழுதினார். ஐரோப்பா பரபரத்தது. மாக்ஸ் முல்லர் ஐயம் எழுப்பினார். 1895ஆம் ஆண்டில் ஆக்ராக் கல்லூரி ஆசிரியரான டக்ளஸ் என்பவர் ஹெமிஸ் மடத்துக்கே சென்று, தலைமை லாமாவிடம் அந்நூலைப் படித்துக் காட்டி வினவினார். அப்படியொரு சுவடி இல்லவே இல்லை என்று லாமா மறுத்துவிட்டார்.

மற்றொன்று நம் மொழியைச் சார்ந்தது. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட போப் ஐயர் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. ஆயினும், வள்ளுவர் மயிலைக் கடற்கரையில் கிறித்தவ போதகர்களோடு உலாவி அவர்தம் கருத்துகளைப் பருகியிருப்பார் என அம்முன்னுரையில் அவர் கற்பனை செய்தார். தீங்கு செய்தவனுக்கும் நன்மை செய்யச் சொல்லும் குறள் அறம், மலைப்பிரசங்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டுமா? தமிழறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. ஒப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டால், விரும்பியவர் விரும்பியவரைக் கடனாளி ஆக்கிவிடலாம். 1961ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யூத அறிஞர் சாமுவேல் சாண்ட்மெல், விவிலிய ஆய்வாளர் பேரவையில் ஆற்றிய தலைமையுரையில் இந்தப் போக்கை 'ஒப்புமைப் பித்து' என்னும் பொருள்பட ஒரு சொல்லால் இடித்துரைத்தார்.

கடனென்று உறுதியாகச் சொல்லத்தக்கவையும் உண்டு. எகிப்திய அறிஞர் அமெனமோப்பின் அறவுரைகள் அடங்கிய பாப்பிரஸ் சுருள் 1923ஆம் ஆண்டில் முழுமையாக வெளியிடப்பட்டது. மறு ஆண்டே ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் எர்மான், விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில் 22ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி முதல் ஒரு பகுதி அதனோடு நெருங்கி ஒத்திருப்பதைக் காட்டினார். ஏழையைக் கொள்ளையிடாமை, எல்லைக்கல்லை நகர்த்தாமை எனப் பொருள் மட்டுமன்றி, வரிசையும் உவமையும் கூட ஒத்தன. செல்வம் சிறகு முளைத்துப் பறந்துபோகும் என்கின்றன இரண்டும். எகிப்தியர்க்கு அது வாத்தாகப் பறக்கிறது. எபிரேயர்க்குக் கழுகாகப் பறக்கிறது. ஆக, கிறித்தவம் யூதரிடம் பெற்றது என்று சொல்லி நிறுத்தினாலும் கதை முடிவதில்லை. யூதரும் எகிப்தியரிடம் பெற்றிருக்கிறார்கள். முதல் ஊற்றைத் தேடிப் போனால் மனித வரலாறு தொடங்கும் இடம்வரை போக வேண்டியிருக்கும்.

புதுமை எங்கே?

அப்படியாயின் ஈஸா நபி (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் போதனையில் தனித்தன்மையே இல்லையா? இதற்கு நேர்மையான விடையைத் தந்தவர்கள் யூத அறிஞர்களே என்பது வியப்புக்குரியது.

எருசலேமைச் சார்ந்த ஜோசப் கிளவுஸ்னர் 1922ஆம் ஆண்டில் எபிரேய மொழியில் இயேசுவின் வரலாற்றை எழுதினார். கிறித்தவ நற்செய்தி நூல்களிலுள்ள அறங்களுள் யூத நூல்களில் இணை காட்ட இயலாதது ஒன்றும் இல்லை என்பது அவர் முடிவு. எனினும் அவற்றையெல்லாம் திரட்டி, சடங்குகளுக்கும் வழக்குகளுக்கும் இடையே சிதறவிடாமல், கூர்மையும் உயர்வும் உடையனவாய் எடுத்துரைத்த முறையில் இணையற்ற தனித்தன்மை உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. இங்கிலாந்து நாட்டு யூத அறிஞர் கிளாட் மான்டிஃபியோரே, மனந்திருந்தி வரும் பாவியை ஏற்பது பழைய அறமே, பாவியைத் தேடிச் செல்வது புதியது என்றார். காணாமற்போன ஆட்டைத் தேடும் மேய்ப்பன் என்னும் உருவகம் எசேக்கியேல் நூலிலும் உண்டு. ஆனால் ஊரார் ஒதுக்கிய வரி வசூலிப்போர் வீட்டுக்குச் சென்று, அவர்களோடு அமர்ந்து உணவுண்டது வெறும் உருவகமன்று, வாழ்ந்து காட்டியது.

பகைவரை நேசித்தல் பற்றியும் இவ்வாறே கூறலாம். பகைவனுடைய மாடு வழிதப்பி அலையக் கண்டால் அவனிடமே கொண்டுபோய் விடவேண்டும் என்பது யாத்திராகமக் கட்டளை. பகைவன் பசித்திருந்தால் உணவளி என்கிறது நீதிமொழிகள். இவை விதைகள். அதே நாட்டில் அதே காலத்தில், சாக்கடலோரத்தில் ஒதுங்கி வாழ்ந்த குழுவினரின் ஒழுங்குச் சுருளோ, ஒளியின் மக்களை நேசிக்கவும் இருளின் மக்களை வெறுக்கவும் பணிக்கிறது. ஒரே ஆகமத்தை ஓதியவர்களே இரு திசையில் சென்றார்கள். துன்புறுத்துவோர்க்காகவும் இறைஞ்சுங்கள் என்று மலைப்பிரசங்கம் கூறுவதன் உயரம் இந்தப் பின்னணியில்தான் புலனாகும். ஒரே களஞ்சியத்திலிருந்து ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், எதனை முதலாவதாக வைக்கிறார் என்பதிலும் புதுமை உண்டு.

உறுதிப்படுத்த வந்தவர்கள்

இவ்வளவும் கண்டபின் ஒரு வினா எழுகிறது. புதியது கொண்டுவந்தேன் என்று ஈஸா நபி (அலை) அவர்கள் எப்போதாவது உரிமை கொண்டாடினார்களா? இல்லை. நியாயப் பிரமாணத்தை அழிக்க வந்தவனல்லன், நிறைவேற்ற வந்தவன் என்னும் கருத்தையே மத்தேயுவின் நூல் அவர்கள் வாய்மொழியாகத் தருகிறது. பொன்விதியைக் கூறியவுடன், தவ்ராத்தின் சாரமும் முன்னைய நபிமார் போதனையின் சாரமும் இதுவே என்றும் சேர்த்துச் சொல்கிறது. தனக்கு முன்னுள்ள தவ்ராத்தை உண்மைப்படுத்துபவராகவே அவர்களைத் திருக்குர்ஆனும் அறிமுகப்படுத்துகிறது. இரு சமயத்தார் நூல்களும் ஒன்றுபடும் இடம் இது.

கிறித்தவ சபையின் வரலாறும் இதற்குச் சான்று. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர், யூத வேதங்களைத் தள்ளிவிட வேண்டும், இயேசு கொண்டுவந்தது முற்றிலும் புதியது என்று வாதிட்டார். கி.பி. 144ஐ ஒட்டி ரோமாபுரிச் சபை அவரை விலக்கிவிட்டது. பழைய ஆகமங்களைத் தன் வேதத்தின் பகுதியாகவே வைத்துக்கொண்டது. தன் அறம் பழைய வேரில் கிளைத்தது என்பதைக் கிறித்தவம் மறைக்கவில்லை. மறைக்க முயன்றவரை வெளியேற்றிற்று. மறைத்துக் கொள்ளாத ஒன்றைத் திருட்டு என்று கூறுதல் நீதியாகுமா?

இப்போது கைகரிடம் திரும்புவோம். அவர் காட்டிய ஒப்புமைகளுள் பெயர்பெற்றது ஒன்று. ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனிதர் அனைவரையும் கொன்றதற்கு ஒப்பு, ஓர் உயிரை வாழவைப்பது அனைவரையும் வாழவைத்ததற்கு ஒப்பு என்று திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதா கூறுகிறது. இதே கருத்து மிஷ்னாவிலும் உள்ளது என்பது கைகரின் வாதம். உண்மைதான். ஆனால் அந்தத் திருவசனத்தின் தொடக்கத்தை ஓதிப் பார்ப்பவர்க்கு வியப்பேதும் இராது. பனீ இஸ்ராயீல் மக்களுக்கு நாம் இவ்வாறு விதித்திருந்தோம் என்று வெளிப்படையாகவே அறிவித்த பின்னர்தான் அது அக்கருத்தைக் கூறுகிறது. கடனை ஒளிப்பவன் கடன் கொடுத்தவன் பெயரை முதல் வரியிலேயே எழுதுவானா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மை ஓர் அழகிய மாளிகையின் ஒரு மூலையில் விடுபட்டிருந்த செங்கல்லுக்கு ஒப்பிட்டார்கள். மாளிகை முழுவதையும் தாமே எழுப்பியதாகச் சொல்லவில்லை. அநீதி இழைக்கப்பட்டோர்க்கு உதவ, நபித்துவத்துக்கு முன் மக்காக் குறைஷியர் செய்த ஹில்புல் புளூல் உடன்படிக்கையையும் அவர்கள் போற்றினார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகையதற்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்றார்கள். நன்மை எங்கிருந்து வந்தது என்பதற்காக அதனை அவர்கள் ஒதுக்கவில்லை.

ஆகவே நாம் காணும் விடை இது: கிறித்தவ அறபோதனைகளுள் பெரும்பாலானவை தனித்தனியே எடுத்துப் பார்த்தால் யூத வேதங்களிலும் அவற்றை ஒட்டிய நூல்களிலும் முன்னரே உள்ளவை. அவற்றின் தேர்விலும், அழுத்தத்திலும், வாழ்ந்து காட்டியதிலும் தனித்தன்மை உண்டு. இதனைக் கூறுவது கிறித்தவர்க்கு இழிவாகாது. இறைத்தூதர்கள் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என நம்பும் நமக்குப் புதுமையுமாகாது. இந்த உண்மையை வசைச்சொல்லாக எறிபவர், வேப்பேரியில் அச்சான அந்தப் பழைய நூலுக்குத் தம் கையாலேயே மறுபதிப்புப் போடுகிறார்.

எருசலேம் ஆலயத்து இரகசியர் அறையை மீண்டும் நினைத்துக்கொள்வோம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என மத்தேயு எழுதிய நூல் கூறுகிறது. மறுமையில் இறைவனின் நிழல் பெறும் எழுவருள், இடக்கை அறியாவண்ணம் வலக்கையால் தருமம் செய்தவரும் ஒருவர் என்னும் நபிமொழியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். இவ்விரண்டுக்குமுள்ள ஒப்புமையை ஹங்கேரிய அறிஞர் கோல்ட்ஸீஹர் 1890ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். முதலில் சொன்னவர் எவர் என்று அறிஞர்கள் ஆராயட்டும், அது கல்வி. நம் தெருவில் நொடித்துப்போய், கேட்க நாணி வாயில் சாத்திக் கிடக்கும் குடும்பத்துக்கு அந்த ஆராய்ச்சியால் அடுப்பெரியாது. இன்றிரவு எவரும் அறியாமல் அவ்வாயிலில் ஒரு படி அரிசியை வைத்துவிட்டு வருபவர், அந்த ஆலயத்து அறைக்கும் மலைப்பிரசங்கத்துக்கும் நபிமொழிக்கும் ஒருங்கே வாரிசாகிறார்.